முதல் தண்ணீர் எங்கே போகும்?

எங்கள் வீட்டுச் சமையலறையில் கிரானைட் மேடைக்குக் கீழே, சிங்க்குக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில், ஒரு வாஷிங் மெஷின் உட்கார்ந்திருக்கிறது என்று இன்றைக்குச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இப்போது கட்டுகிற ஃபிளாட்டுகளில் பாதி அப்படித்தான். நாங்கள் வாங்கியது இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த புதிது. அப்போது பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் தெரு முழுக்க அதுதான் பேச்சு. "அடுப்புப் பக்கத்துல அழுக்குத் துணியா? இவங்களுக்கு என்ன, புத்தி கித்தி போயிடுச்சா?" என்று எதிர்வீட்டு அம்மா என் காதில் விழும்படியே சொன்னார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த மெஷினை நான் எதற்காகத் தேடித் தேடி வாங்கினேன் என்பது எனக்குத் தெரியும். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கர்வம்தான். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். என் வீட்டுக்காரர் பீன்யாவில் ஒரு ஃபாக்டரியில் டூல் ரூம் வேலை; காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் சாயங்காலம்தான் முகம் பார்க்கலாம். மூன்றாவது அத்தை, அதாவது அவருடைய அம்மா. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த காலத்திலிருந்து எங்கள் கோயிலின் பீடத்துத் துணிகளைத் துவைப்பவர் அத்தைதான். கோயில் என்று நாங்கள் சொல்வது எங்கள் பங்கு தேவாலயத்தை. பூசை நடக்கும் பீடத்தின் மேல் விரிக்கிற நீளமான வெள்ளைத் துணி, பூசைக் கிண்ணத்தைத் துடைக்கிற சின்னச் சின்னத் துணிகள், இதெல்லாம் மூட்டையாகக் கட்டி எங்கள் வீட்டுக்கு வரும். அத்தை கொல்லையில் இருக்கிற துவைகல்லில் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுப்பார். அதற்குச் சம்பளம் கிடையாது. அவர் கேட்டதும் கிடையாது.

இதில் ஒரு வழக்கம் உண்டு. அந்தச் சின்னத் துணிகளில் நற்கருணையும், அதாவது பூசையில் ஆண்டவரின் உடலாகிவிடுகிற அப்பமும், அவருடைய ரத்தமாகிவிடுகிற திராட்சை ரசமும் பட்டிருக்கும். அதனால் அவற்றை அலசுகிற முதல் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது. மண்ணுக்குத்தான் போக வேண்டும். சோப்பு போடுவதெல்லாம் அதற்கு அப்புறம். அத்தை அந்த முதல் தண்ணீரைக் கொல்லையில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவார். "நம்ம வீட்டு ரசம் ஏன் இப்படி மணக்குதுன்னு இப்பத் தெரியுதா?" என்று என் வீட்டுக்காரர் விருந்தாளிகளிடம் சொல்வார். அத்தை "சும்மா இருடா, பாவம் வரும்" என்று அதட்டுவார், ஆனால் சிரித்துக்கொண்டுதான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அத்தையின் கைகள் கெடுகிற வரைக்கும். முதலில் விரல் நுனிகளில் தோல் உரிந்தது. பிறகு வெடித்தது. எண்ணெய் தடவினோம், களிம்பு தடவினோம், ஒன்றும் கேட்கவில்லை. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "சோப்பு மட்டும் இல்லம்மா, தண்ணியிலயே கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். அத்தை தலையை ஆட்டிவிட்டு வந்து, அந்த வாரமே மூட்டையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். நான் கத்தினேன். "டாக்டர் சொன்னாரு, டாக்டருக்கு என்ன, அவரா தொவைக்கப் போறாரு?" என்றார். அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

ஈஸ்டருக்கு முன்னால் வருகிற தவக்காலம் தொடங்கும்போது ஒருநாள் கோயில் பொறுப்பைப் பார்க்கிற சிஸ்டர் அத்தையைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன். பூசைச் சாமான்கள் வைக்கிற சக்ரீஸ்து அறையில் சிஸ்டர் ஒரு துணியை விரித்துக் காட்டினார். பால் போல வெளுப்பு. அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. அத்தையின் விரல் வெடிப்பிலிருந்து வந்த ரத்தம்.

"இத்தனை வருஷம் செஞ்சீங்க, அது போதும்மா. ஈஸ்டர்லேர்ந்து லாண்டரிக்குக் குடுத்துடலாம்னு ஃபாதர்கிட்டச் சொல்லியிருக்கேன். நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார் சிஸ்டர். அவர் நல்ல மனுஷிதான். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு வந்ததே கோபம்! வாயைத் திறந்தால் ஏதாவது வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தை துணியை மடித்து மேஜையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். வீட்டுக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் வாயைத் திறந்தார். "எல்லாரும் கோயிலுக்கு வருவாங்க, உக்காருவாங்க, எழுந்திருப்பாங்க, போவாங்க. எனக்கு மட்டும் அங்க ஒரு வேலை இருந்துச்சு. இனிமே நானும் உக்காந்து எழுந்து போறவதான்." சொல்லிவிட்டு அழுதார். அத்தை அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மாமா இறந்தபோதுகூட வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். ஈஸ்டருக்குள் வீட்டில் வாஷிங் மெஷின் வந்தாக வேண்டும்.

எங்கே வைப்பது? பாத்ரூமில் ஒரு ஆள் திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும். கூடத்தில் வைத்தால் தண்ணீர் போக வழியில்லை. நல்லவேளையாக, கரையான் அரித்த பழைய அலமாரிகளை எடுத்துவிட்டுச் சமையலறையைப் புதுசாகக் கட்டலாம் என்று அப்போது பேசிக்கொண்டிருந்தோம். தண்ணீர்க் குழாய் அங்கேதான், சாக்கடைக் குழாயும் அங்கேதான், சுவருக்கு அந்தப் பக்கம் கொல்லை. மேடைக்குக் கீழே மெஷினைப் பொருத்திவிடலாம் என்றேன்.

"கிச்சன்ல வாஷிங் மெஷினா? அப்ப பெட்ரூம்ல அடுப்பு வச்சிடு" என்றார் என் வீட்டுக்காரர்.

"வைக்கிறேன். நீங்களே அங்க உக்காந்து சமைங்க" என்றேன். அடுத்த நாள் அவர் ஃபாக்டரியிலிருந்து ஒரு டேப்பைக் கொண்டுவந்து சமையலறையை அளக்க ஆரம்பித்துவிட்டார். அவர் சரி என்று சொல்வதற்கு அதுதான் வழி.

முதலில் போன கடை, புதுசாகத் திறந்திருந்த மாடுலர் கிச்சன் ஷோரூம். அப்பா, என்ன கடை அது! சமையலறை மாதிரியே இல்லை. நகைக்கடை மாதிரி இருந்தது. டை கட்டின ஒரு பையன் ஓடி வந்து, "பன்னி மேடம், பன்னி" என்று கன்னடத்தில் 'வாங்க, வாங்க' சொல்லி உள்ளே கூப்பிட்டான். நாங்கள் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்டதும் உடனே தமிழுக்கு மாறிவிட்டான். பெங்களூரில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை.

"வாஷிங் மெஷின் எங்கப்பா?" என்று அத்தை கேட்டார்.

அவன் சிரித்தான். "அம்மா, நீங்க அது முன்னாடிதான் நிக்கிறீங்க. நோடி, பாருங்க!" என்று ஒரு மரக் கதவைத் திறந்தான். வரிசையாக இருந்த அலமாரிக் கதவுகளில் அதுவும் ஒன்று. உள்ளே மெஷின்! "இது ஃபுல்லி பில்ட்-இன் மேடம். கதவை மூடிட்டா மெஷின் இருக்கிறதே தெரியாது. உங்க வீட்டுக்கு வர்றவங்க கண்டே பிடிக்க முடியாது."

நான் சொக்கிப்போய்விட்டேன், உண்மையைச் சொல்ல வேண்டுமானால். எதிர்வீட்டு அம்மா வந்து நின்றுகொண்டு எங்கே மெஷின் எங்கே மெஷின் என்று தேடுவது போல மனதில் ஒரு படம் ஓடியது. இதுதான், இதையேதான் வாங்க வேண்டும் என்று கையைப் பிடித்து இழுக்காத குறை.

அத்தை அந்தக் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "ஏம்ப்பா, துணி உள்ள சுத்துறப்ப இந்தக் கதவை மூடி வைக்கணுமா?"

"ஆமாம்மா. அதான் இதோட அழகே."

"அப்ப நான் எப்படிப் பாக்குறது?"

"நீங்க ஏம்மா பாக்கணும்? எல்லாம் அதுவே பாத்துக்கும்."

அத்தை அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து, பின்பக்கம் எட்டிப் பார்க்க முயற்சி செய்தார். "தண்ணி எங்க போவுது?"

"டிரெய்னுக்கும்மா. சாக்கடைக்கு."

"எல்லாத் தண்ணியுமா? முதல் தண்ணி எங்க போகும்?"

பையன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். "எல்லாத் தண்ணியும் அங்கதான்மா போகும்" என்றான் பாவம், ஏதோ தப்பு செய்துவிட்டவன் போல. பின்னால் குழாய் சுவரோடு சேர்த்து நிரந்தரமாகப் பொருத்தி, அதன் மேல் பலகை அடித்துவிடுவார்கள் என்றும் சொன்னான். அத்தை என் கையைப் பிடித்து, "வா, போலாம்" என்றார்.

ஆட்டோவில் நான் எரிந்து விழுந்தேன். "என்னா அத்தை, முதல் தண்ணி ரெண்டாம் தண்ணின்னு! அதுக்கெல்லாம் மெஷின் கண்டுபிடிக்கலை. உங்களுக்காகத்தானே நான் அலையறேன்? கொஞ்சம் விட்டுக்குடுக்கக் கூடாதா?"

"எனக்காகன்னா நான் தொவைக்கிற மாதிரி ஒண்ணை வாங்கு. ஒளிச்சு வச்சுத் தொவைக்கிறதுக்கு அது என்ன திருட்டுத் துணியா? பீடத்துத் துணி" என்றார் அத்தை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவரும் தமிழாள்தான் போல.

அன்றைக்கு முழுவதும் நான் அத்தையோடு பேசவில்லை. ஆனால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. முதல் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு விடாவிட்டால் அத்தை அந்தத் துணிகளை மெஷினில் போடப்போவதில்லை. போடாவிட்டால் அவை லாண்டரிக்குப் போய்விடும். மெஷின் எங்கள் பெட்ஷீட்டைத் துவைத்துக்கொண்டு கிடக்கும். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு நான் மெஷின் வாங்காமலேயே இருக்கலாம். எப்படி யோசித்தாலும் அத்தை கேட்டதுதான் சரி. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே செடி?" என்றார். ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். சிங்க்குக்குக் கீழே அலமாரிக்குள் இரண்டு குழாய்கள், பக்கத்தில் பக்கத்தில். ஒன்று சாக்கடைக்கு, இன்னொன்று சுவரைத் துளைத்துக்கொண்டு கறிவேப்பிலைப் பாத்திக்கு. மெஷினின் ஹோஸை எந்தக் குழாயின் வாயில் மாட்டுகிறோமோ, தண்ணீர் அந்தப் பக்கம் போகும். முதலில் சோப்பு போடாமல் வெறும் அலசல் மட்டும், தண்ணீர் செடிக்கு. பிறகு ஹோஸை மாற்றி மாட்டிவிட்டு சோப்பு.

"அலசல் மட்டும் தனியா போடுற மெஷினா பாத்து வாங்கு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். அடேயப்பா, அந்த மனுஷர் முகத்தில் அன்றைக்கு இருந்த களையைப் பார்க்க வேண்டும்! பெட்ரூமில் அடுப்பு வைக்கச் சொன்னவரா இவர் என்று இருந்தது.

இரண்டாவதாகப் போனது டை கட்டாத கடை. சாதாரண எலக்ட்ரிக் சாமான் கடை. கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். மேல்மூடியைக் கழற்றிவிட்டு மேடைக்குக் கீழே பொருத்துகிற மெஷின் ஒன்று இருந்தது. முன்பக்கம் வட்டமாகக் கண்ணாடிக் கதவு. தண்ணீரைச் சூடு பண்ணும். அலசல் மட்டும் தனியாகவும் போடலாம். "எந்தக் கறையா இருந்தாலும் போயிடும் மேடம்" என்றார் கடைக்காரர். ஒரு கர்ச்சீப்பைப் போட்டு ஓட்டிக் காட்டட்டுமா என்று கேட்டார்.

அத்தை தன் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து நீட்டினார். எனக்கே தெரியாமல் கொண்டுவந்திருக்கிறார்! பழைய தலையணை உறைதான். ஆனால் அதில் என்னென்ன கறை என்று கேட்கிறீர்களா? மஞ்சள், டீ, கறுப்பு திராட்சைச் சாறு, நடுவில் மெழுகுவர்த்தியைச் சாய்த்து ஊற்றின மெழுகு. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பூசியிருக்கிறார். கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் சொன்ன வாயால் இல்லை என்று சொல்ல முடியாதே, வாங்கிப் போட்டார்.

ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கேட்டு வாங்கிக் கண்ணாடிக்கு எதிரில் போட்டுக்கொண்டு அத்தை உட்கார்ந்துவிட்டார். துணி மேலே ஏறுவதையும் தொப்பென்று விழுவதையும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போய் ஒரு தோசை சாப்பிட்டுவிட்டு வந்தேன். அப்போதும் அதே இடம், அதே பார்வை. கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்திருந்தார். டிவி வாங்க வந்த ஒரு குடும்பம் டிவியை விட்டுவிட்டு அத்தைக்குப் பின்னால் நின்று மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தது.

துணி வெளியே வந்தது. திராட்சைக் கறை போயிருந்தது. டீ போயிருந்தது. மஞ்சள் இருக்கிறதோ இல்லையோ என்ற அளவுக்கு மங்கியிருந்தது. மெழுகு மட்டும் சூட்டில் உருகித் துணி முழுக்கப் படலமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவை போட்டா..." என்று இழுத்தார்.

"விடுப்பா, விடு" என்றார் அத்தை, பரம சந்தோஷமாக. "மெழுக முன்னாடியே சுரண்டி எடுக்கணும். அப்புறம் காகிதம் வச்சு இஸ்திரி போட்டு எடுக்கணும். அதுக்கப்புறம்தான் தண்ணியில போடணும். அது இதோட வேலை இல்லை, என் வேலை. இது தன் வேலையை நல்லாத்தான் செஞ்சிருக்கு." என்னைப் பார்த்து, "இதையே எடுத்துக்கலாம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லா வேலையையும் அதுவே செய்துவிடுகிற மெஷினாக இருந்திருந்தால் அத்தை அதை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார். தனக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறதா என்றுதான் அந்தத் தலையணை உறையைப் பூசிக்கொண்டு வந்திருக்கிறார்.

மெஷின் வந்தது. என் வீட்டுக்காரர் லீவு போட்டு நின்று குழாய் வேலையைப் பார்த்தார். எந்த விருந்தாளி வந்தாலும் முதலில் சிங்க் அலமாரியைத் திறந்து அந்த இரண்டு குழாய்களைத்தான் காட்டுவார். மெஷினைக் காட்டுவதெல்லாம் அப்புறம். அத்தை ஃபாதரிடம் போய் இப்படிச் செய்யலாமா என்று கேட்டுவிட்டு வந்தார். "தண்ணி மண்ணுக்குப் போகுதில்ல? அப்ப சரிம்மா" என்று அவர் சொல்லிவிட்டார்.

முதல் வாரமே ஒரு கூத்து. துணிக்குக் கஞ்சி போட வேண்டுமே, அதையும் மெஷினே செய்யட்டும் என்று என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை. கடைசி அலசலில் வாசனைத் திரவம் ஊற்றுகிற ஒரு சின்ன அறை மெஷினின் இழுப்பறையில் உண்டு. அதில் அரிசிக் கஞ்சியை ஊற்றிவிட்டார், வடிகட்டாமல். கஞ்சி உள்ளேயே இறுகி, இழுப்பறை திறக்க வரவில்லை. வந்த மெக்கானிக் நெம்பித் திறந்து பார்த்துவிட்டு, "ஏன் சார், மெஷினுக்குக் காய்ச்சலா? கஞ்சியெல்லாம் குடுத்திருக்கீங்க" என்றார். அத்தை சிரித்த சிரிப்பில் அவருக்கே புரையேறிவிட்டது. அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. அதற்கப்புறம் பக்கெட்டில் கஞ்சி கரைத்து முக்குவது என் வேலையாயிற்று.

விஷயம் கோயிலுக்குப் போகாமல் இருக்குமா? கோயிலில் பெண்கள் நடத்துகிற மாதா சபையிலிருந்து இரண்டு அம்மாக்கள் வந்தார்கள், நலம் விசாரிக்கிற சாக்கில். அதில் மூத்தவர் மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. நீங்க போடுற உள்பாவாடையும் இதுலதான் சுத்துது. பீடத்துத் துணியும் இதுலயேவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை பேசினார்.

"கொல்லையில ஒரு கல்லு இருக்கு, பாத்திருக்கீங்களா? என் புள்ளையோட பீத்துணியை அதுல போட்டுத்தான் தொவைச்சேன். என் வீட்டுக்காரர் சாகக் கிடந்தப்ப அவரு படுக்கையை அதுல போட்டுத்தான் தொவைச்சேன். அதைக் கழுவிட்டு, அதே கல்லுலதான் இத்தனை வருஷமா பீடத்துத் துணியையும் தொவைச்சேன். நீங்கல்லாம் அந்தத் துணி மேல வச்ச நற்கருணையைத்தான் வாங்கினீங்க. அப்ப யாரும் வந்து கல்லைக் கேக்கலையே?"

அந்த அம்மா காபியைக் குடித்து முடித்தார். இளையவர் மட்டும் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எந்தக் கடையில் வாங்கினோம் என்று விசாரித்துக்கொண்டு போனார்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் வருகிற குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள். அந்த வாரத்துத் துணிகளை அத்தை முன்னாலேயே எடுத்துவைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு கறையாகப் பார்த்தார். மெழுகைச் சுரண்டினார், காகிதம் வைத்து இஸ்திரி போட்டு எடுத்தார். முதலில் வெறும் அலசல். கொல்லையில் போய் நின்று, செடிக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். என் வீட்டுக்காரர் ஹோஸை மாற்றினார். பிறகு சோப்பு. அத்தை மெஷினுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு, ஜெபமாலை சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் என் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே எடுத்த துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒன்றைத் திருப்பிப் போடச் சொன்னார். எனக்கு அதில் ஒரு கறையும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

சாயங்காலம் இரண்டு பேரும் சக்ரீஸ்துக்குக் கொண்டுபோனோம். சிஸ்டர் பீடத்துத் துணியை மேஜையில் விரித்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் கையால் தடவிக்கொண்டே போனார். மடிப்பைப் பார்த்தார். சின்னத் துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படி நின்றதில்லை.

"மெஷின் வாங்கியிருக்கீங்கன்னு சொன்னாங்க" என்றார் சிஸ்டர், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதை யாரு தொவைச்சது?"

அத்தை மெஷின் என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு பயம். 'என் மருமக வாங்கிக் குடுத்தா சிஸ்டர், அவதான் எல்லாம்' என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று ஒரு ஆசையும் இருந்தது; ஏன் மறைக்க வேண்டும்?

"நான்தான் சிஸ்டர்" என்றார் அத்தை. "நான்தான் தொவைச்சேன்."

ஒரு நொடி எனக்குச் சுருக்கென்றது. கடை கடையாக அலைந்தவள் நான், கஞ்சியில் கையை விட்டவள் நான். அடுத்த நொடியே மனசு நிறைந்துவிட்டது. இதைச் சொல்ல வைப்பதற்காகத்தானே இவ்வளவும்? அவர் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது?

சிஸ்டர் நிமிர்ந்து அத்தையின் கைகளைப் பார்த்தார். வெடிப்பெல்லாம் ஆறி, புதுத் தோல் வந்திருந்தது. போய்ப் பெரிய அலமாரியைத் திறந்து, ஈஸ்டருக்கு மட்டும் விரிக்கிற லேஸ் வைத்த துணிகளை ஒரு மூட்டையாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "லாண்டரிக்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லிடுங்க" என்றார் அத்தை.

"குடுங்க அத்தை, கனமா இருக்கும், நான் தூக்கிக்கறேன்" என்று கையை நீட்டினேன்.

"உனக்கு எதுக்கு? நீ போய் ஆட்டோவைக் கூப்புடு" என்று சொல்லிவிட்டு மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டார். சக்ரீஸ்துவின் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனால் ரோடு பக்கம். அத்தை அந்தப் பக்கம் திரும்பவில்லை. கோயிலுக்குள் நுழைந்து, பீடத்துக்கு எதிரில் முழங்கால் மடித்து எழுந்து, நடுவழியாக நடக்க ஆரம்பித்தார். பாட்டுப் பயிற்சிக்கு வந்திருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாதா சபை அம்மாக்களும் பூ கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அத்தை யாரையும் பார்க்காமல், அவசரப்படாமல், பெரிய வாசலை நோக்கி நடந்தார். நான் ஆட்டோ கூப்பிடப் போகாமல் அவர் பின்னாலேயே நடந்தேன்.